போர் தண்ணில வச்ச தக்காளிக் கிளை பூராம் கருகிப்போச்சு, என்ன தப்பு பண்றேன்? (கீழக்கரை, மொட்டைமாடி)

கீழக்கரை மாடி:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். இம்புட்டு நாளா படிச்சுட்டு மட்டும் போயிருவேன், இன்னைக்கு வேற வழி தெரியாம எழுதுறேன். எங்க மாடில ஒரு தக்காளிச் செடி இருக்கு, போன கார்த்திகைல அடுப்படிக் கழிவு கொட்டுற தொட்டில தானா மொளச்சது. கொடி மாதிரி ஓடி கைப்புடிச் சுவர் பூராம் படர்ந்து, தை மாசிலெல்லாம் தினம் ஒரு கிண்ணம் பழம் குடுத்துச்சு. சின்னப் பழம், தோல் கொஞ்சம் தடிப்பு, ஆனா அந்தப் புளிப்பு இருக்கு பாருங்க, எங்க உம்மா மீன் ஆணத்துக்கு அத விட்டா வேற தக்காளி தொடமாட்டேங்குறாக. சித்திரை வெயில்ல பூவெல்லாம் உதிர்ந்து ஒரு பழம் கூட புடிக்கல, ஆனா செடி சாகல, இப்ப புரட்டாசி கடைசில மறுபடியும் துளிர் விடுது. அடித்தண்டு மட்டும் காஞ்சு மரக்கட்ட மாதிரி ஆயிருச்சு, இன்னொரு மழைய தாங்குமான்னு தெரியல. அதான் அதுல இருந்தே கிளை ஒடிச்சு புதுச் செடி எடுக்கலாம்னு 12 கிளை ஒடிச்சு கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சேன். அஞ்சாவது நாள் பாத்தா 12ம் அடில கருப்பா கொழகொழன்னு ஆகி நாத்தம் அடிக்குது. தண்ணி எங்க வீட்டு போர் தண்ணி. பாட்டில் இருந்த இடம் மாடிப் படிக்கட்டு ஓரம், காலைல வெயில் படும். நெட்ல பாத்தா எல்லாருக்கும் ஒரே வாரத்துல வெள்ள வெள்ளையா வேர் வருது, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

மண்டபம் கரையோரம்:
வாலைக்கும் சலாம் லாத்தா. மொதல்ல ரெண்டு கேள்வி. கிளைல பூ மொட்டு இருந்துச்சா, கிள்ளிட்டு வச்சீகளா? அடி இலைய உருவுனீகளா இல்ல இலையோடயே தண்ணிக்குள்ள முக்குனீகளா? தண்ணிக்குள்ள இலை கெடந்தா அழுகும், அந்த அழுகல் தண்டுக்கும் ஏறும். வெயிலும் ஆகாது. வேர் இல்லாத கிளை தண்ணிய உறிஞ்சுறத விட இலை வழியா விடுறது அதிகம், வெயில்ல வச்சா கதை முடிஞ்சுச்சு.

உச்சிப்புளி விவசாயி:
தங்கச்சி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீக. தக்காளிக்கு எதுக்கு இந்தப் பாடு? முருங்கைன்னா போத்து வெட்டி நடலாம், மல்லிகைன்னா பதியன் போடலாம், அதுகளுக்கெல்லாம் அதான் வழி. தக்காளி விதைல வர்ற பயிர். நல்லாப் பழுத்த பழம் நாலு எடுத்து புழிஞ்சு, ஒரு நாள் ரெண்டு நாள் புளிக்க வச்சு அந்த வழவழப்பு போக அலசி, நெழல்ல காயப்போட்டு சாம்பல் பெரட்டி வச்சுக்கிட்டா அடுத்த வருஷத்துக்கு நாத்து ரெடி. 25 நாள்ல புடுங்கி நட்றலாம். நாங்க காலங்காலமா அப்படித்தான்.

கீழக்கரை மாடி:
பூ மொட்டோடதான் வச்சேன், கிள்ளணும்னு தெரியாது. அடி இலை உருவிட்டுத்தான் வச்சேன்.

அண்ணே, நீங்க சொன்னத நான் செஞ்சு பாத்துட்டேன். மாசில அந்தச் செடிப் பழத்துல இருந்தே விதை எடுத்து ஆறு நாத்து விட்டேன். ஆறும் ஆறு தினுசு. ஒண்ணு உருண்டையா பெருசா வந்துச்சு, ஒண்ணு சப்பட்டை, ஒண்ணுல புளிப்பே இல்ல சப்புன்னு இருந்துச்சு. அந்தப் பழைய ருசி ஒண்ணுலயும் இல்ல. எனக்கு வேண்டியது இந்தச் செடிதான், இதோட புள்ளைக இல்ல.

ராம்நாடு செடிக்காரன்:
இப்பத்தான் வெவகாரம் புரியுது. உங்க தொட்டில மொளச்சது கடைத்தக்காளி விதை, கடைல வர்றது பெரும்பாலும் ஹைப்ரிட், ரெண்டு ரகத்தக் கலந்து எடுத்தது, அதோட விதைய போட்டா அடுத்த தலைமுறைல குணம் பிரிஞ்சு போயிரும். உங்க செடியே அப்படிப் பிரிஞ்சு வந்த ஒண்ணுதான், அது அதிர்ஷ்டவசமா நல்லா அமைஞ்சிருக்கு, அதோட விதைல மறுபடி பிரியும். விவசாயி அண்ணன் சொல்றதும் தப்பில்ல. அவர் காட்டுல போடுறது பி.கே.எம். 1 மாதிரி ரகமா இருந்தா விதை எடுத்துப் போட்டாலும் அதே குணம்தான் வரும். பி.கே.எம். 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரில அன்னஞ்சி நாட்டு ரகத்துல இருந்து எடுத்தது, அது நெலைச்ச ரகம். ஹைப்ரிட்டுக்கும் அதுல இருந்து பிரிஞ்சு வந்ததுக்கும் இது நடக்காது. அதே செடி வேணும்னா கிளைலதான் எடுக்கணும், வேற வழியே இல்ல. கிளைல எடுத்தா அது புள்ளை இல்ல, அதே செடிதான் இன்னொரு தொட்டில.

இன்னொண்ணு, உங்களது கொடி மாதிரி ஓடுற வகை, இதுக்கு இது ரொம்ப தோது. பி.கே.எம். 1 குட்டையா நின்னு ஒரு தடவ காச்சு முடிஞ்சுரும், அதுல போய் கிளை வெட்டி நட்டா பெருசா ஒண்ணும் கெடைக்காது. இதப் படிச்சுட்டு யாராச்சும் எல்லாத் தக்காளிலயும் செய்யப் போயிறாதீக.

சரி விஷயத்துக்கு வர்றேன். தக்காளித் தண்டுல வேர் வர்றது ரொம்ப சுலபம். தண்டு மேல சின்னச் சின்னப் புடைப்பு தெரியும் பாருங்க, அதெல்லாம் வேராகத் தயாரா இருக்குற எடம். நுனிக் குருத்துல உண்டாகுற ஆக்சின்ங்குற வளர்ச்சி ஹார்மோன் கீழ எறங்கி வெட்டுவாய்ல வந்து தங்கும், அதுவே வேர் கெளப்பிரும், கடைல விக்கிற வேர்ப் பவுடரு கூட தேவையில்ல. இம்புட்டு லேசா வர்ற செடில 12க்கு 12 போச்சுன்னா பூவும் வெயிலும் மட்டும் காரணமா இருக்காது, ரெண்டு மூணாச்சும் தப்பிச்சிருக்கணும். எனக்கு சந்தேகம் தண்ணி மேலதான். போர் தண்ணில டி.டி.எஸ்., அதாவது கரைஞ்சு கெடக்குற உப்பு, எம்புட்டு?

கீழக்கரை மாடி:
ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் பாக்க வந்த தம்பி போன மாசம் அளந்து சொன்னாக, 2,800ன்னு. குளிச்சா சோப்பு நுரைக்காது, குழாய் வாயில வெள்ளையா படிஞ்சு கெடக்கும்.

ராம்நாடு செடிக்காரன்:
அப்ப அதான். வளந்த தக்காளி ஓரளவு உப்பு தாங்கும். மண்ணுல இ.சி. (மின்சாரம் எம்புட்டு கடத்துதுன்னு பாத்து உப்ப அளக்குறது) 2.5 தாண்டுனாதான் மகசூல் கொறைய ஆரம்பிக்கும்னு கணக்கு. உங்க 2,800ஐ இ.சி. கணக்குக்கு மாத்திப் பாத்தா அதையும் தாண்டி நிக்கிது. அதுவும் வேர் உள்ள செடிக்கு வேர் ஒரு காவக்காரன் மாதிரி, உப்பக் கொஞ்சமாச்சும் தடுத்து நிறுத்தும். வெட்டுன கிளைக்கு அந்தக் காவலே கெடையாது, வெட்டுவாய் வழியா உப்பு நேரா உள்ள ஏறும். அடி செத்துப்போகும், செத்த எடத்துல அழுகல் புடிக்கும். நீங்க பாத்த கொழகொழப்பு அதோட முடிவுதான்.

வெயில் காலத்துல காய் புடிச்சப்ப பழத்தோட அடிப்பக்கம் கருப்பா தோல் மாதிரி அழுந்தியிருந்துச்சா? இருந்தா அதுலயும் உப்புத் தண்ணிக்குப் பங்கு உண்டு, செடிக்கு சுண்ணாம்புச் சத்து ஏற விடாம பண்ணிரும்.

கீழக்கரை மாடி:
ஆமா! பங்குனில கடைசியா புடிச்ச பழமெல்லாம் அடில கருத்துப்போச்சு, நான் பூச்சின்னு நெனச்சு வேப்பெண்ணெய் அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

மண்டபம் கரையோரம்:
அப்ப நல்ல தண்ணிதான் லாத்தா. 12 பாட்டிலுக்கு ஒரு செம்புத் தண்ணி போதும், குடம் கணக்குல ஒண்ணும் ஆகாது. காவிரித் தண்ணி குழாய்ல வர்ற அன்னைக்கு ஒரு பக்கெட் புடிச்சு ஒரு ராத்திரி தொறந்து வைங்க, குளோரின் வாடை போயிரும்.

தொண்டி ரோடு:
ஏசி இருக்குற வீடுன்னா அந்த டியூப்ல சொட்டுற தண்ணிய புடிங்க. காத்துல இருக்குற ஈரம் குளுந்து சொட்டுறதுதானே, உப்பே இருக்காது. குடிக்கத்தான் ஆகாது, கிளை வைக்க அருமையா இருக்கும், நான் ரோஜாக்கு அதுதான் ஊத்துறேன். ஆனா ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியேறுற கழிவுத் தண்ணி இருக்கே, அத ஊத்திறாதீக, உள்ள போன உப்பு பூராம் அதுலதான் சேர்ந்து வருது. நெறைய பேரு வீணாகுதேன்னு செடிக்கு ஊத்தி செடிய கொன்னுருக்காக.

பாம்பன் வாடைக்காத்து:
மழைத் தண்ணிய யாரும் சொல்லலையே. 2003ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்ப எங்கப்பா ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டுனாரு, அந்தத் தண்ணிதான் எங்க வீட்டுல சமையலுக்கே. ஐப்பசில ரெண்டு மழை கூரைய கழுவிவிட்டுப் போகட்டும், மூணாவது மழைல புடிச்சு மூடி வைங்க. சித்திரை வரைக்கும் கிளைக்கு அதே போதும்.

இதுல எனக்கு ஒரு அனுபவம் இருக்கு, எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு எங்க பாம்பன்லயும் அப்படித்தான், கொல்லைல முழங்கால் தண்ணி. எட்டுத் தக்காளிச் செடி, நல்லா பூ எடுத்த நேரம். தண்ணி வடிய மூணு நாள் ஆச்சு. செடி பூராம் இலை தொங்கிப்போய் மஞ்சளா நிக்கிது, எங்கம்மா புடுங்கிப் போட்டு வேற நடுன்னு சொல்லிட்டாக. நான் புடுங்கலாம்னு குனிஞ்சு தண்டப் புடிக்கிறேன், விரல்ல நறநறன்னு என்னமோ தட்டுப்படுது. உத்துப் பாத்தா, தண்ணி நின்ன மட்டத்துக்கு ஒட்டி ஒரு சாண் உசரத்துக்கு தண்டச் சுத்தி அரிசி குத்தி வச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா முளை. சிலது அரை இஞ்சு நீளம் கூட. கீழ வேரெல்லாம் மூச்சு முட்டி அழுகிப்போச்சு, செடி அதுக்குள்ள மேல புது வேர் போட்டுக்கிட்டு இருக்கு. எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்த முளைக்குக் கீழ வெட்டி, பாதி இலையக் கழிச்சு, மேட்டுல கொண்டுபோய் சாய்ச்சு மண் அணைச்சேன். எட்டுல அஞ்சு பொழச்சு மாசில காச்சது. அதுல இருந்து நான் தக்காளிச் செடிய சும்மா புடுங்கிப் போடுறதே இல்ல.

ராம்நாடு செடிக்காரன்:
அருமைங்க. வேருல தண்ணி கட்டுனா தண்டுக்குள்ள எத்திலீன் வாயு வெளியேற முடியாம சேரும், அதுதான் தண்டுல வேரத் தூண்டுறது. நீங்க கண்ணால பாத்தது அதே.

கீழக்கரை மாடி:
இதப் படிச்சதும் ஓடிப்போய் என் செடியப் பாத்தேன், அடித்தண்டுல மரக்கட்ட மாதிரி ஆன எடத்துக்கு மேல புடைப்பு புடைப்பா இருக்கு! இத்தன நாள் நோய்னு நெனச்சேன். நாளைக்கு மறுபடியும் வைக்கப் போறேன். எந்தக் கிளை, எம்புட்டு நீளம், எங்க வெட்டணும்னு யாராச்சும் பொறுமையா சொல்லுங்களேன். எளநித் தண்ணில வச்சா சீக்கிரம் வேர் வரும்னு ஒரு வீடியோல பாத்தேன், அது சரியா?

மண்டபம் கரையோரம்:
தண்டும் இலையும் சேர்ற கக்கத்துல இருந்து ஒரு குருத்து கெளம்பும்ல லாத்தா, அதான் வேணும். பூ வர்ற காம்பு நடுத்தண்டுல தனியா இருக்கும், குருத்து எப்பவும் கக்கத்துலதான், மாத்திப் புடுங்கிறாதீக. உங்க நடுவிரல் நீளத்துல இருந்து ஒரு சாண் வரைக்கும் எதுவும் ஆகும், பென்சிலை விட மெல்லிசா இருக்கணும். ரொம்ப முத்துனது வேணாம். வெயிலுக்கு முன்னாடி காலைல எடுங்க, முந்துன நாள் சாயங்காலம் தாய்ச்செடிக்கு நல்லாத் தண்ணி விட்டுருங்க. சின்னக் குருத்துன்னா பெருவிரலாலயே ஒரு பக்கம் சாய்ச்சா டக்குன்னு கழண்டு வரும், விரல்ல பச்சையா கறை புடிச்சு அந்தத் தக்காளி வாடை அன்னைக்கு பூராம் போகாது. பெருசுன்னா பிளேடு. கணுவுக்கு ஒட்டிக் கீழ வெட்டுங்க. மேல ரெண்டு மூணு இலை இருந்தா போதும், மிச்சத்த உருவிருங்க, இருக்குற இலையும் பெருசா இருந்தா பாதியா வெட்டிருங்க. பூ, மொட்டு, பிஞ்சு ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

ராம்நாடு செடிக்காரன்:
எளநி வேணாம். அதுல சைட்டோகைனின் இருக்கு, அது குருத்தத் தூண்டுற சாமான், வேருக்கு அது தொணை இல்ல, எடைஞ்சல்தான். அது போக சர்க்கரையும் இருக்கு, ரெண்டே நாள்ல புளிச்சு நீங்க மொதல்ல பாத்த அதே கொழகொழப்பு வரும். எளநிய உம்மாவுக்குக் குடுங்க, கிளைக்கு வெறும் நல்ல தண்ணி போதும்.

தொண்டி ரோடு:
கத்தாழைச் சாறு தடவி வைக்கலாமா? நான் தடவிதான் வப்பேன், வந்துருக்கு.

ராம்நாடு செடிக்காரன்:
தடவலாம், கெடுதல் இல்ல. தடவாமலும் வரும், அதனால அதாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது.

ஒரு முக்கியமான விஷயம் சொல்லாம விட்டுட்டேன். கிளைல எடுக்குறப்ப செடியோட நல்லது மட்டும் வராது, நோயும் கூடவே வரும். இலை மேல்பக்கமா சுருண்டு குறுகி கொத்துக் கொத்தா நிக்கிற செடி இருக்குல்ல, இலைச்சுருட்டு வைரஸ், வெள்ளை ஈ பரப்புறது, அந்தச் செடில இருந்து கிளை எடுத்தா எடுத்த அம்புட்டும் நோயோடதான் பொறக்கும். மருந்தடிச்சு வைரஸ எடுக்க முடியாது. அதே மாதிரி பச்சையா இருக்குறப்பவே திடீர்னு தொங்குற செடி. அதுல ஒரு துண்டு தண்டு வெட்டி கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணில நட்டமா புடிங்க, வெட்டுவாய்ல இருந்து பால் மாதிரி நூலு நூலா எறங்குச்சுன்னா பாக்டீரியா வாடல், அந்தச் செடிய மண்ணோட அப்புறப்படுத்தணும். பிளேட ஒவ்வொரு செடிக்கும் சோப்புத் தண்ணில கழுவுங்க. வீட்டுல பீடி சிகரெட் புகையில பழக்கம் உள்ளவக கைய சோப்புப் போட்டு நல்லா கழுவாம செடியத் தொட வேணாம், புகையிலைல வர்ற மொசைக் வைரஸ் கை வழியாவே தக்காளிக்கு ஏறும்.

கீழக்கரை மாடி:
அல்ஹம்துலில்லாஹ், என் செடில சுருட்டு இல்ல, நல்லா விரிஞ்ச இலைதான். நாளைக்கு சுபுஹுத் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறேன்.

சாயல்குடி பனங்காடு:
நான் தண்ணிலயே வைக்கிறதில்ல, நேரா மண்ணுல. தண்ணில வந்த வேர் கண்ணாடி மாதிரி, தொட்டா ஒடியும், மண்ணுக்கு மாத்துனதும் ரெண்டு மூணு நாள் செடி தலைய தொங்கப் போட்டுரும். மண்ணுல வந்த வேருக்கு அந்தத் தொந்தரவு இல்ல. எங்கம்மா பனங்குருத்தோலைல சின்னக் கொட்டான் மொடைவாக, ஒரு கை அகலம், ஒரு சாண் உசரம். அதுல கழுவுன ஆத்து மணலும் மக்குன எருவும் பாதிக்குப் பாதி போட்டு குச்சியால ஓட்டை போட்டு கிளைய நட்டு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும், தென்னந்தட்டி நெழல்ல வச்சு காலைல சாயங்காலம் தெளிக்கிறது. ரெண்டு வாரத்துல கொட்டான் இடுக்கு வழியா வேர் எட்டிப் பாக்கும். அப்ப கொட்டானோடயே குழில வச்சுரலாம், ஓலை மக்கிப்போகும், வேர் அலுங்காது. கடல் மணல் மட்டும் வேணாம், பாக்க சுத்தமா இருக்கும், நாக்குல வச்சா தெரியும்.

மண்டபம் கரையோரம்:
கொட்டான் யோசனை அருமையா இருக்குண்ணே. நாங்க தென்னைநார்க் கழிவுல வைப்போம். ஆனா கடலோரத்து நார்க்கழிவுல உப்பு இருக்கும், மூணு தடவ நல்ல தண்ணில ஊறவச்சுப் புழியாம வச்சா போர் தண்ணி கதைதான்.

பாம்பன் வாடைக்காத்து:
தண்ணில வச்சா ஒரு சந்தோஷம் இருக்கு, வேர் வர்றத கண்ணால பாக்கலாம். மொத தடவ பண்றவக பாதிய தண்ணிலயும் பாதிய மண்ணுலயும் வைங்க. பாட்டில் மேல கருப்புத் துணியோ பேப்பரோ சுத்துங்க, வெளிச்சம் பட்டா பாசி புடிக்கும்.

கீழக்கரை மாடி (ஆறாவது நாள்):
10 கிளை எடுத்தேன். ஆறு தண்ணில, அதுல அஞ்சு காவிரித் தண்ணி, மத்தியானச் சாப்பாட்டு அறை ஜன்னல் ஓரம், வெயில் படாது வெளிச்சம் உண்டு. நாலு மண்ணுல, கொட்டான் இல்லாததால தயிர் டப்பால ஓட்டை போட்டு. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்துறேன். மொத ரெண்டு நாள் எல்லாம் தொங்கிப்போச்சு, மனசு ஒடஞ்சுருச்சு, உம்மா பாத்துட்டு இதுவும் போச்சான்னாக. மூணாவது நாள் காலைல பாத்தா நிமிந்து நிக்கிது. இன்னைக்கு தண்ணி மாத்துறப்ப ஒரு கிளைய கைல எடுத்து வெளிச்சத்துல புடிச்சேன், அடில வெட்டுவாய் மூடி வெளுத்துருக்கு, அதுக்கு மேல அரை இஞ்சுக்கு தண்டுத் தோலக் கிழிச்சுக்கிட்டு வெள்ளப்புள்ளி ஏழு எண்ணுனேன். கருப்பு எதுலயும் இல்ல.

பரிசோதனைக்கு மிச்ச ஒரு கிளைய மட்டும் போர் தண்ணில வச்சேன். அது நாலாவது நாளே அடி பழுப்பாயிருச்சு.

உச்சிப்புளி விவசாயி:
தங்கச்சி, அந்தப் போர் தண்ணிக் கிளை ஒண்ணு போதும், எனக்கும் வெளங்கிருச்சு. நான் விதை விதைன்னு சொன்னது காட்டுக்கு. ஏக்கர் கணக்குல நடுறவன் கிளை வெட்டி மாளாது, அதுக்கு குழித்தட்டு நாத்துதான். உங்க வெவகாரம் வேற, ஒரு செடிய காப்பாத்துறது. நாங்க கத்தரிக்கு சுண்டைக்காய்ச் செடில ஒட்டுக் கட்டுவோம், வாடல் நோயும் வேர்ல முடிச்சுப் போடுற நூற்புழுவும் சுண்டைய ஒண்ணும் பண்ணாது. தக்காளியையும் அதுல கட்டிப் பாக்கலாம், தண்டு ஒரே தடிமனா இருக்கணும். மண்ணுல நோய் இருக்குறவக அத யோசிங்க. உங்களுக்குத் தொட்டி, தேவைப்படாது.

இன்னொண்ணு, நடுறப்ப கழுத்து வரைக்கும் பொதைங்க. மொளகாய நாங்க அப்படிப் பொதைக்க மாட்டோம், எங்க முண்டு மொளகா அழுகிரும். தக்காளி அப்படி இல்ல, பொதைஞ்ச தண்டு பூராம் வேர் போடும்.

கீழக்கரை மாடி (பதினோராவது நாள்):
தண்ணில வச்ச அஞ்சுலயும் வேர், ஒரு இஞ்சுல இருந்து ரெண்டு இஞ்சு வரைக்கும். மண்ணுல வச்ச நாலுல மூணு லேசா இழுத்துப் பாத்தா புடிச்சு நிக்கிது, ஒண்ணு போச்சு. இன்னும் நீளமா வரட்டும்னு விடவா இல்ல இப்பவே தொட்டிக்கு மாத்தவா?

ராம்நாடு செடிக்காரன்:
இப்பவே மாத்துங்க. தண்ணி வேர் நீள நீள மண்ணுக்குப் பழக அடம் புடிக்கும், ஒரு இஞ்சே போதும். ஈர மண்ணுல, சாயங்காலமா, வேர விரிச்சு வச்சு மண்ண அமுக்காம தண்ணி ஊத்தியே படிய வைங்க. ஒரு வாரம் நெழல், அப்புறம் காலை வெயில் மட்டும், அப்புறம்தான் முழு வெயில். மொத பதினஞ்சு நாள் எந்த ஒரமும் வேணாம்.

மண்டபம் கரையோரம்:
ஒரம் வேணாங்குறத நானும் அழுத்திச் சொல்றேன், எங்க தெருவுல ஒருத்தவக ஆர்வக்கோளாறுல வேர் விட்ட மூணாம் நாளே மீன் அமிலம் ஊத்தி அம்புட்டையும் கருக்கிட்டாக. மீன் கழிவும் கருப்பட்டியும் சேர்ந்தது, வீரியம் ஜாஸ்தி. செடி புடிச்சு ரெண்டு புது இலை விட்டப்புறம் லிட்டருக்கு அஞ்சு மில்லி கலந்து விடுங்க. இங்க மண்டபத்துல கப்பாபைகஸ் பாசி வளக்குறாகல்ல, அந்தப் பாசிய புழிஞ்ச சாறும் பயிருக்கு நல்ல ஊக்கி. இங்க இருக்குற மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுகதான் அத பயிருக்குக் கொண்டு வந்தாக, அதையும் தண்ணில நல்லா கலந்துதான் அடிக்கணும். கரைல ஒதுங்குற பாசிய அப்படியே அள்ளிப் போடுறது வேற, அதுல உப்பு, மழைல நல்லா கழுவப்படாம போடாதீக.

தொட்டிக்குக் காசு செலவழிக்க வேணாம் லாத்தா, மீன் ஏத்துற தெர்மாகோல் பெட்டி ஒடஞ்சது கெடைக்கும், அடில நாலு ஓட்டை போட்டா தக்காளிக்கு அதவிட நல்ல வீடு இல்ல, வெயில்ல மண்ணு சூடேறாது. கழுவாம வாங்கிட்டு வந்துறாதீக, ஐஸோட உப்பும் இருக்கும். ஏற விட பழைய வலை தர்றேன்.

பாம்பன் வாடைக்காத்து:
வாடைக்காத்து ஐப்பசி கடைசில ஆரம்பிச்சுரும். வடகிழக்குப் பக்கம் சாக்கோ வலையோ கட்டுங்க, காத்துல வர்ற உப்புச் சாரல் எளங்குருத்த கருக்கிரும். காத்து பலமா அடிச்ச அன்னைக்கு சாயங்காலம் நல்ல தண்ணிய இலை மேல தெளிச்சு அலசி விட்டா போதும். ஆனி ஆடில கச்சான் அடிக்கிறப்ப மறைப்ப தென்மேக்குப் பக்கம் மாத்தணும்.

சாயல்குடி பனங்காடு:
ஒரு கேள்வி, இப்படியே வருஷா வருஷம் கிளைல இருந்து கிளை எடுத்துக்கிட்டே போகலாமா?

ராம்நாடு செடிக்காரன்:
போகலாம், வைரஸ் ஏறாத வரைக்கும். ஏறுனா அந்தக் கிளை வழி அங்கயே முடிஞ்சுரும். அதனால எப்பவும் ரெண்டு வீட்டுல வச்சுருக்கணும், ஒரு மாடில நோய் வந்தா இன்னொரு எடத்துல இருக்கும். மஞ்ச டப்பால விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்க, வெள்ளை ஈ வந்து ஒட்டும். நம்ம கரைக்கு கணக்கு இப்படி வச்சுக்கங்க: பங்குனில பழம் ஓயுறப்ப ரெண்டு கிளை எடுத்து வேர் விட வச்சு கோடை பூராம் நெழல்ல சின்ன டப்பாலயே உசுரோட வச்சுருக்கணும். காய் எதிர்பாக்கக் கூடாது, ராத்திரிச் சூடு கொறையாம பூ நிக்காது. அந்த ரெண்டுல இருந்து ஆவணி புரட்டாசில பத்து எடுத்தா மார்கழி தைல குளிர்ல எல்லாம் காய்க்கும். நாத்து விடுற 25 நாளும் மிச்சம்.

கீழக்கரை மாடி:
எட்டுச் செடி இருக்கு. எனக்கு மாடில நாலு போதும். ரெண்டு வீட்டுல இருக்கணும்னு சொன்னீகள்ல, மண்டபம் தம்பி, பாம்பன் அக்கா, ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கறீகளா? ஈரப் பேப்பர்ல வேரச் சுத்தி டிபன் டப்பால வச்சு கொண்டு வர்றேன், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மச்சான் ராமேஸ்வரம் வரைக்கும் வண்டி எடுக்குறாக, உம்மாவும் வர்றாக.

பாம்பன் வாடைக்காத்து:
கட்டாயம் வாங்க, சாப்பாடு எங்க வீட்டுலதான். மழைத்தண்ணி ரெண்டு கேன் எடுத்து வச்சுருக்கேன், திரும்பிப் போறப்ப கொண்டு போங்க.

சாயல்குடி பனங்காடு:
எனக்கு ஒண்ணு கெடைக்குமா லாத்தா? அம்மா மொடைஞ்ச கொட்டான் பத்து கீழக்கரைக்கு பஸ்ல குடுத்து விடுறேன்.

கீழக்கரை மாடி:
உங்களுக்குன்னு என் நாலுல இருந்தே தயிர் டப்பால ஒண்ணு தனியா எடுத்து வச்சுட்டேன் அண்ணே. எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க, தம்பிய ஸ்டாண்டுக்கு அனுப்புறேன்.